கொழும்பு நூதனசாலையின் தோற்றமும் தொடக்க வரலாறும்: கீழைக்கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கிடைத்ததாகப் பதிவு செய்யப்பெற்ற பெண் தெய்வப் படிமமொன்று இலண்டன் மாநகரத்துப் பிரித்தானிய நூதனசாலையில் நிற்கின்றது. வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசப்பெற்ற அதன் உயரம் 143 சதமமீற்றர். கி.பி. எட்டாம் நூற்றாண்டினது என அறிஞர் மதிப்பிடுவர். 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் 1830 ஆம் ஆண்டில் அதனை அந்நூதனசாலைக்குக் கொடுத்தார். இடைக்கு மேல் ஆடையின்றி அமைந்த அவ்வுருவத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுதல் தகாதெனக் கருதி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அறைக்குள் வைத்திருந்தனர். முன்னாளில் அதனைப் பத்தினித் தெய்வம் என்றே எழுதினர். ஆனந்த குமாரசுவாமியும் அவ்வாறே குறித்தார். பின்னர் அது மகாயான பௌத்தத்தின் தாராதேவி எனத் தெளியப்பட்டது. பெயர் மாறியது முறையே. எனினும் கண்ணகி கோயில்கள் நிரம்பிய இக்கரையிற் கிடைத்த தனிப்பெண் உருவத்துக்குப் பத்தினியின் பெயரே முதலில் வழங்கியமை வெறுந் தவறென்று தள்ளிவிடத்தக்கதன்று. அந்நாளில் இத்தீவின் மக்கள் வழிபாட்டில் நின்ற பெண் தெய்வம் எது என்பதற்கு அதுவே ஒரு சான்று.

இப்படிமம் கடல் கடந்தபோது இலங்கையில் நூதனசாலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இருக்கவில்லை. ஆதலால் அஃது அழியாமற் காக்கப்பட்டதே பெரிதெனச் சிலர் கூறுவர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் நாட்டின் அதிபதியாக இருந்தவரே கொண்டுசென்ற பொருளுக்கு அந்நாட்டில் இடமில்லையென்று சொல்வது வேடிக்கையானதொரு நியாயமாகும். அவ்விடம் உண்டாவதற்கு மேலும் நாற்பத்தேழு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் 1814 ஆம் ஆண்டிலும் சென்னையில் 1851 ஆம் ஆண்டிலும் நூதனசாலைகள் தோன்றின. இலங்கையில் 1845 ஆம் ஆண்டு றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை நிறுவப்பட்டதும், அதன் உறுப்பினர் கல்லும் காசும் சங்கும் பறவைத் தோலும் சேர்க்கத் தொடங்கினர். சேர்த்தவற்றை வைப்பதற்குத் தக்க மனையும் பேணுவதற்கு ஊதியம் பெறும் ஆளும் இருக்கவில்லை. அரசாங்கமே ஒரு நூதனசாலையை அமைக்க வேண்டுமென அக்கழகத்தார் விடுத்த வேண்டுகோள் பல ஆண்டுகள் பயனற்றுக் கிடந்தது.

பெயரைப்பற்றியும் ஈண்டு ஒரு வார்த்தை சொல்லலாம். சென்னைப் பொதுமக்கள் நூதனசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்தனர். இலங்கைத் தமிழரோ 'நூதனசாலை' என்றனர். பழம்பொருள் வைக்கும் மனைக்குப் புதுமையின் பெயரா என வியப்போர் உண்டு. நூதனம் என்ற சொல் வழக்கில் விந்தை என்ற பொருளையும் தரும். காணாததைக் காட்டும் சாலை என்றே மக்கள் அதனைக் கொண்டனர். சிங்களத்தில் வழங்கும் 'கௌதுகாகாரய' என்ற பெயரும் இக்கருத்தையே உட்கொண்டது. தம் ஊர்க் கோயிலிற் கிடந்த கல்லை விந்தைப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் மக்களுக்கு முன்னர் இருந்ததில்லை. அஃது இச்சாலையோடு வந்த பழக்கம்.

1872 ஆம் ஆண்டு சேர் வில்லியம் ஹென்றி கிறகரி தேசாதிபதியாக வந்து சேர்ந்தார். அயர்லாந்து நாட்டு நிலவுடைமைக் குடும்பத்தவர். இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் பொறுப்பாளருள் ஒருவர். கலைக்கூடங்களும் நூதனசாலைகளும் உழைக்கும் மக்களுக்கும் பயன்பட வேண்டுமென நாடாளுமன்றத்தில் வாதாடியவர். இவ்வளவும் அவர் புகழுக்கு உரியன. மறுபுறமும் ஒன்றுண்டு. 1847 ஆம் ஆண்டு, அயர்லாந்து கொடும் பஞ்சத்தில் வாடிய காலை, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்கு அரச நிவாரணம் இல்லை என்னும் விதியைச் சட்டத்திற் புகுத்தியவரும் அவரே. உயிரைக் காக்க நிலத்தைக் கைவிட்ட ஏழைக் குடியானவர் பலர். அவ்விதி இன்றும் அயர்லாந்து வரலாற்றில் 'கிறகரி விதி' என்றே வழங்குகின்றது. கொழும்பில் அவருடைய சிலையைக் காண்போருள் இதனை அறிந்தவர் மிகச் சிலரே.

பதவியேற்ற அவ்வாண்டிலேயே கிறகரி சட்டநிரூபண சபையில் நூதனசாலைத் திட்டத்தை முன்வைத்தார். வகைதொகையின்றிப் பொருள்களைக் குவித்து வைக்கும் மனையை அவர் விரும்பவில்லை. பார்ப்போர்க்குப் பொழுதுபோக்காகவும் கற்போர்க்குப் பாடமாகவும் அமையுமாறு, இத்தீவின் உயிரினங்களும் கனியங்களும் தொல்பொருள்களும் கைத்தொழில்களும் ஒழுங்குபட வைக்கப்பெற வேண்டும் என்பதே அவர் கருத்து. கல்வெட்டுகளைப் படியெடுத்துச் சேர்த்தலையும் அவர் இதனோடு இணைத்துக் கண்டார். 1875 ஆம் ஆண்டு போல் கோல்ட்சிமித் என்னும் ஜேர்மானிய அறிஞர் கல்வெட்டாய்வுக்கு நியமிக்கப்பட்டமை இவ்வெண்ணத்தின் பயனாகும். அவ்வறிஞர் இரண்டே ஆண்டில் இறந்தமை இழப்பாயிற்று.

திட்டம் எளிதில் நிறைவேறியமைக்குக் காரணம் தேசாதிபதியின் ஆர்வம் மட்டுமன்று. அவ்வாண்டுகளில் திறைசேரி நிரம்பியிருந்தது. அதனை நிரப்பியது கோப்பி. மலைநாட்டுத் தோட்டங்களிற் கோப்பி பறித்தவர் மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். கோப்பி இலைநோய் 1869 ஆம் ஆண்டிலேயே தலைகாட்டியிருந்தது. எனினும் விலையுயர்வு அதன் கேட்டைச் சில காலம் மறைத்தது. 1880களில் அத்தொழில் வீழ்ந்தது. கிறகரி பத்தாண்டு பிந்தி வந்திருப்பின் இத்துணைப் பெரிய மாளிகைக்குப் பணம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. நூதனசாலையின் தொடக்க வரலாற்றை எழுதுவோர் தேசாதிபதியையும் சிற்பியையும் கூறுவர். கோப்பித் தொழிலாளியைக் கூறுவது அரிது.

மாளிகையின் வரைபடத்தைப் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சிமிதர் இத்தாலியக் கட்டடப் பாணியைத் தழுவி அமைத்தார். அநுராதபுரத்து இடிபாடுகளை அளந்து வரைந்து 1894 ஆம் ஆண்டில் நூலாக வெளிவரச் செய்தவரும் இவரே. பண்டைச் சிங்களக் கட்டடக்கலையை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த ஒருவர், இலங்கையின் பழமையை வைக்கும் மனைக்கு இத்தாலிய முகப்பை வரைந்தமை சிந்திக்கத்தக்கது. கட்டியெழுப்பும் ஒப்பந்தத்தைப் பெற்றவர் கொழும்பைச் சேர்ந்த முசுலிம் கட்டடக் கலைஞரான அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். கறுவாத்தோட்டத்தில் எழுந்த அவ்வெண்ணிற மாளிகை 1876 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது.

திறப்பு விழாவைப்பற்றி வழிவழியாக ஒரு செய்தி வழங்கிவருகின்றது. கட்டியவருக்கு என்ன சிறப்புச் செய்யலாம் எனக் கிறகரி கேட்டாராம். பட்டமும் பதக்கமும் வேண்டாம்; முசுலிம்களின் தொழுகை நாளாகிய வெள்ளிக்கிழமையில் இம்மனையைப் பூட்டி வைத்தாற் போதும் என வாப்பிச்சி மரிக்கார் விடையிறுத்தாராம். தச்சு வேலைக்குத் தலைவராயிருந்த சிங்களவரோ ஊர்ப்பட்டம் ஒன்றைப் பெற்றுக்கொண்டார் என்பர். பின்னொரு காலத்தில், கண்டியரசரின் அரியணையைக் காண மக்கள் திரண்டபோது, டி. எஸ். சேனநாயக்க மரிக்காரின் பேரனிடம் இசைவு பெற்றே வெள்ளிக்கிழமையிலும் கதவைத் திறப்பித்தார் என்று அக்கதை நீளும். செய்தி எவ்வளவு தூரம் நிகழ்ந்தவாறே வந்தது எனத் துணிதல் அரிது. ஆயினும் நெடுங்காலம் அம்மனை வெள்ளிக்கிழமைகளிற் பூட்டியே கிடந்தமை உண்மை. ஒருவர் தம் பெயரைக் கல்லிற் பொறிக்கச் சொல்லாமல் கிழமையிற் பொறிக்கச் சொன்னார் என்றே இதனைக் கொள்ளலாம். முகப்பில் நிற்கும் சிலை கிறகரியுடையது. வாரத்தில் ஒரு நாள் மரிக்காருடையதாயிருந்தது.

1877 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் நூதனசாலை தோற்றம் பெற்ற நாளாகக் கொள்ளப்படுகின்றது. அதே நாளில் டில்லியில் நிகழ்ந்த பெருந் தர்பாரில் விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசி என அறிவிக்கப்பட்டார். அதே வேளையிற் சென்னை மாகாணம் 1876–78 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின் நடுவில் இருந்தது. பசியால் ஊர் விட்ட மக்கள் பெருந்தொகையினராய் இலங்கைத் தோட்டங்களை நோக்கி வந்துகொண்டிருந்தனர். முப்பதாண்டுக்கு முன் அயர்லாந்துப் பஞ்சத்தோடு தொடர்புற்ற பெயர் மற்றொரு பஞ்சத்தின் காலத்தில் இங்கு மாளிகை வாயிலில் விளங்கியது. கிறகரி அவ்வாண்டே இலங்கையை விட்டு நீங்கினார்.

முதற் பணிப்பாளராயிருந்த அமிறால்ட் ஹேலி 1875 முதல் 1901 வரை பொறுப்பு வகித்தார். அவர் விலங்கியலறிஞர். அவர்க்குப் பின் வந்த ஆதர் வில்லி, ஜோசப் பியர்சன் ஆகியோரும் விலங்கியலாரே. வில்லி தொடங்கிய 'ஸ்பொலியா செய்லனிக்கா' என்னும் ஆய்விதழ் இத்தீவின் உயிரினங்களைப்பற்றி உலகம் அறிந்துகொள்ள வழிசெய்தது. பாம்பும் மீனும் பூச்சியும் வகைப்படுத்தப்பட்டமை போலக் கல்வெட்டும் படிமமும் முறையாக வகைப்படுத்தப்படுவதற்குக் காலம் பிடித்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மனையை இயற்கையியலார் ஆண்டனர் என்பதை மனத்திற்கொண்டே அதன் சேர்ப்புகளின் நிறைகுறைகளை அளவிடல் வேண்டும். அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. அவர்கள் தமக்குத் தெரிந்ததை நன்றாகச் செய்தனர். தொல்லியலுக்கெனத் தனித் திணைக்களம் எச். சி. பி. பெல் தலைமையில் 1890 ஆம் ஆண்டிலேயே தோன்றியது.

கண்ணாடிப் பெட்டிகளினும் நிலைத்த பயன் தந்தது நூதனசாலையின் நூலகம் எனலாம். 1870 ஆம் ஆண்டில் அரசாங்கம் அமைத்த கீழைத்தேய நூலகம் இதனோடு சேர்க்கப்பட்டது. விகாரைகளிலிருந்தும் தனியாரிடமிருந்தும் ஏட்டுச்சுவடிகள் பெறப்பட்டன. பெற முடியாதவை படியெடுக்கப்பட்டன. 1885 ஆம் ஆண்டு முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தீவில் அச்சிடப்பெறும் நூல்களின் படிகள் அரசாங்கத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்றாகியது. அவை இந்நூலகத்தை வந்தடைந்தன. யாழ்ப்பாணத்துச் சிற்றச்சகத்தில் வெளிவந்த பதிகமும், மட்டக்களப்பில் அச்சேறிய கும்மியும், தோட்டத் தொழிலாளர்க்கென எழுதப்பெற்ற துண்டுநூலும் அறிஞர் எவரும் பொருட்படுத்தாத நாளிற் சட்டத்தின் வலிமையாற் கறுவாத்தோட்டத்துக்குச் செல்லும் வழி ஏற்பட்டது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்ட பின்னர் இச்சட்டத்தின் அருமையை ஆராய்ச்சியாளர் வேறொரு வகையில் உணரலாயினர்.

ஆயினும் ஏடுகள் எல்லாம் கொழும்பை அடைந்துவிடவில்லை. சிவில் சேவையிலிருந்த ஹியூ நெவில் தம் வாழ்நாளிற் சேர்த்த ஏறத்தாழ 2,200 சுவடிகள் 1904 ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்றன. கொழும்பில் நூதனசாலை தோன்றி இருபத்தேழு ஆண்டுகள் ஆனபின் நிகழ்ந்தது இது. இடமில்லாமையாலேயே பொருள்கள் வெளியே போயின என்னும் வாதத்துக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை.

1907, 1908 ஆம் ஆண்டுகளிற் பொலனறுவைச் சிவாலய அகழ்வில் வெளிப்பட்ட வெண்கலப் படிமங்கள் நூதனசாலையின் பெயரை உலகறியச் செய்தன. ஆடவல்லான், உமையம்மை, சமயகுரவர் ஆகியோரின் உருவங்கள் அவற்றுள் அடங்கும். இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்ட வியப்புத் தோன்ற நிற்கும் சுந்தரர் படிமத்தைக் கண்டு பாராட்டாத கலைஞர் இலர். ஆனந்த குமாரசுவாமி கொழும்பு நூதனசாலை வெண்கலங்களைப்பற்றி எழுதிய நூல் 1914 ஆம் ஆண்டில் அந்நூதனசாலையின் வெளியீடாகவே வந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் பொலனறுவை வெண்கலங்களையும் சிவ வழிபாட்டின் தத்துவத்தையும் விளக்கி றோயல் ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். ஒருவர் கலையழகை முன்வைத்தார். மற்றவர் அவ்வுருவங்களை வழிபட்ட மக்களின் சமயத்தைப் பிறர்க்கு உணர்த்த முயன்றார். இவை சோழநாட்டில் வார்த்துக் கொணரப்பட்டனவா, பொலனறுவையிலேயே வார்க்கப்பட்டனவா என்ற வினா நெடுங்காலம் ஆராய்ச்சியாளரிடையே நிலவியது. வார்த்த இடம் யாதாயினும் பூசை நடந்த இடம் பொலனறுவை என்பதில் ஐயமில்லை; தமிழகத்து நாயன்மாருக்கு இத்தீவின் நடுப்பகுதியில் நித்திய வழிபாடு இருந்தது என்பதை அகழ்ந்தெடுத்த மண்ணே சொல்லியது.

கல்லும் அவ்வாறே பேசியது. மாந்தையிற் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, தாழிகுமரன் என்பான் மாதோட்டத்தில் இராசராச ஈச்சரம் என்னும் கோயில் எடுப்பித்ததைக் கூறும். 1911 ஆம் ஆண்டு காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல் இன்னும் வியப்புக்குரியது. சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு தொடர்புடையது. 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனமொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்திசைத் தேவுந்துறையின் தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாத்தின் இறைவனுக்கும் காணிக்கை அளித்ததைச் சொல்லுகின்றன. வெவ்வேறு தெய்வங்களுக்கு ஒரே வகைப் பொருள்கள் படைக்கப்பட்டமை சீன அரசின் சாதுரியத்தைக் காட்டும். அயல்நாட்டார் இத்தீவின் துறைமுகத்தில் நட்ட கல்லில் தமிழை ஒரு மொழியாகத் தெரிந்துகொண்டமைதான் தமிழ் மாணவர் கருத்திற் கொள்ள வேண்டியது.

அரியணை திரும்பிய நிகழ்ச்சிக்கு வருவோம். ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ 1693 ஆம் ஆண்டிற் கண்டியரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த அரியணையில் நாயக்க மன்னரும் வீற்றிருந்தனர். கடைசி மன்னன் சிறீ விக்கிரமராசசிங்கன் கண்ணுசாமி என்னும் இளமைப் பெயருடையவன். 1815 ஆம் ஆண்டில் அவனைப் பிடித்து வேலூருக்கு அனுப்பிய ஆட்சியின் தலைவர் அதே பிறவுண்றிக் துரையே. அரியணை இங்கிலாந்து சென்று வின்சர் மாளிகையில் நூறாண்டுக்கு மேல் இருந்தது. 1934 ஆம் ஆண்டு குளொஸ்ரர் கோமகன் அதனை இலங்கைக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். பிறவுண்றிக் காலத்தில் வெளியே போன இரண்டு பெரும் பொருள்களில் அரசியலின் சின்னம் திரும்பிற்று. கீழைக்கரைத் தெய்வம் திரும்பவில்லை. கொழும்பில் அதன் வார்ப்புப் படி ஒன்றே உள்ளது.

அதுவரை 'கொழும்பு நூதனசாலை' என வழங்கியது 1942 ஆம் ஆண்டு 31 ஆம் இலக்கத் தேசிய நூதனசாலைகள் கட்டளைச் சட்டத்தால் 'தேசிய' என்னும் அடையைப் பெற்றது. அப்போது பணிப்பாளராக இருந்தவர் பி. ஈ. பி. தெரணியகல. ஆதிமனிதனைப்பற்றிய அவருடைய ஆய்வுகள் பெயர்பெற்றவை. கண்டியிலும் இரத்தினபுரியிலும் 1940களிற் கிளைகள் எழுந்தன. பின்னர் அநுராதபுரம் சேர்ந்தது. கிழக்கு மாகாணம் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. தேசியம் என்ற சொல் ஒரு மாளிகையின் பெயரோடு சேர்வதற்கு ஒரு சட்டம் போதும். அச்சொல் தீவின் எல்லாக் கரைகளையும் சென்றடைவதற்கு வேறு பலவும் வேண்டியிருந்தன.

இக்கரையில் அக்காலத்தில் நூதனசாலைப் பணியைச் செய்தவர் தனியறிஞர்களும் கோயில்களுமே. எப். எக்ஸ். சி. நடராசா 1962 ஆம் ஆண்டில் 'மட்டக்களப்பு மான்மியம்' நூலைப் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 ஆம் ஆண்டில் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். பின்னர்க் கோயில்களிற் கிடந்த ஏடுகளைக்கொண்டு 'கண்ணகி வழக்குரை'யைப் பதிப்பித்தார். மட்டக்களப்பிற் கல்வெட்டு எனும் சொல் கல்லில் வெட்டியதை மட்டுமன்றி, கோயில் மரபுகளையும் குடி உரிமைகளையும் கூறும் ஏட்டுப் பாடல்களையும் குறிக்கும். இவ்வழக்கைக் கொழும்பிலிருந்து வந்து கல் தேடிய ஆய்வாளர் அறிந்திருப்பின் வெறுங்கையோடு திரும்பியிரார். ஏடு பெட்டியினுள் உறங்கும் பொருளன்று, சடங்கிற் பாடப்படுவது. பழையது சிதையும்போது புதியது எழுதப்படும். இம்முறையில் பழைய ஓலை நிலைப்பதில்லை, பாடல் நிலைக்கின்றது. நூதனசாலை முறையிலோ ஓலை நிலைக்கும், பாடுவோர் இருப்பதில்லை. இரண்டும் வேண்டியவையே. உப்புக்காற்றும் வாவியின் ஈரமும் ஓலைக்குப் பகை; 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இடையே நிகழ்ந்த போரும் அப்பகையைப் பன்மடங்காக்கின.

தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. எச். டி. எச். த சில்வா, வெளிநாடுகளிலுள்ள இலங்கைப் பொருள்களைத் தேடித் தொகுத்து 1975 ஆம் ஆண்டிற் பெரும் பட்டியலாக வெளியிட்டார். திருப்பிக் கேட்பதற்கு முன் எங்கே என்ன உள்ளது எனத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். அதன் பயன் மெல்லவே வந்தது. 1765 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்த சிறு பீரங்கி முதலிய ஆறு பொருள்கள் 2023 ஆம் ஆண்டு நெதர்லாந்திலிருந்து கொழும்பு நூதனசாலைக்குத் திரும்பின. தாராதேவியோ 2010 ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலை உலக வரலாற்றைச் சொல்லத் தெரிந்தெடுத்த நூறு பொருள்களுள் ஐம்பத்து நான்காவதாக வைத்து எண்ணப்பட்டாள். அவளுக்கு முதலில் வழங்கிய பெயரையுடைய தெய்வத்தின் கோயில்கள் மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வைகாசித் திங்களிற் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி முடிந்ததும் மீண்டும் பூட்டப்படுகின்றன.